நோட்டுப் புத்தகத்தில் இருந்த சிவப்பு இதயங்கள்: ஒரு பக்கவாதத்தின் நிகழ்வு ஆய்வு

இது பினாங்கில் நடந்தது. நோயாளியும் குடும்பத்தாரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிழை நடந்த இடங்களை மாற்றவில்லை. அவற்றில் பெரியது என்னுடையது.

பின்னணி

அந்த அம்மாளுக்கு வயது 67. ஜார்ஜ்டவுனின் குட்டி இந்தியாப் பகுதியில் பூக்கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு மேசை, மூன்று வாளி, மேலே ஒரு தார்ப்பாய். கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்தியும் ரோஜாவும், கூடவே மல்லிகையும் அவருடைய சரக்கு. காலை ஐந்தரைக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்து கிளம்பினால் மதியம்வரை மேசையை விட்டு எழமாட்டார். கணவர் இறந்துவிட்டார். மகனும் மருமகளும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி ஐந்தாம் படிவ மாணவி.

இரத்தக் கொதிப்பு 14 ஆண்டுகளாக இருந்தது, இனிப்பு நீர் 9 ஆண்டுகளாக. இரண்டுக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் மாத்திரை வாங்கினார். இருமல், தலைச்சுற்றல், மூட்டுவலி என்று இடையில் வரும் தொல்லைகளுக்கு என்னுடைய சிறிய கிளினிக்குக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, இருதயத்துக்கு நல்லது என்று தினமும் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். அதை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த உடல்நிலை நம்மிடையே அபூர்வமானதல்ல. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். இரத்தக் கொதிப்பு பத்தில் மூன்று பேருக்கு. ஆகவே இப்படி ஒருவர் உள்ளே வந்ததும் என் கை தானாகவே அழுத்தக் கருவியையும் சர்க்கரைக் கருவியையும் நோக்கிப் போகும். நாடியை நோக்கிப் போனதில்லை.

டிசம்பர்: முதல் முறை சொன்னது

டிசம்பர் நடுவில் தலைச்சுற்றல் என்று வந்தார். அழுத்தம் 162/94. போகும்போது கதவருகே நின்று, “டாக்டர், சில நேரம் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு துள்ளுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது” என்றார். எவ்வளவு நேரம், எந்த வேளையில் என்று கேட்டேன். பதில் தெளிவாக வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தே குடிக்கிறார் என்று கேட்டேன். ஆறு என்றார். குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று ஈசிஜி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தாலும் அந்த நிமிடத்தில் துடிப்பு சீராகவே இருந்திருக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் நான் எடுக்காததற்கு அது காரணமல்ல. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

ஒன்றை மட்டும் செய்தேன். வீட்டில் அழுத்தம் பார்க்கும் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்கி, தினமும் காலையில் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மகன் அன்று மாலையே வாங்கிவிட்டார். எழுதும் பொறுப்பு பேத்திக்கு.

ஜனவரி: நோட்டுப் புத்தகம்

ஜனவரி நடுவில் நோட்டைக் கொண்டுவந்தார்கள். கோடு போட்ட பள்ளி நோட்டு. தேதி, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் என்று மூன்று பத்தி. 26 நாள் பதிவு, ஒரு நாளும் விடுபடவில்லை. என் நோயாளிகளில் இத்தனை ஒழுங்காக எழுதி வந்தவர்கள் குறைவு.

சில வரிகளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் சின்னச் சின்ன இதயங்கள் வரைந்திருந்தன. பதினாறு வயதுப் பெண் பாட்டிக்காகப் பாசத்தில் வரைந்தது என்று நினைத்துக்கொண்டேன். “அழகாக எழுதியிருக்கிறாய் அம்மா” என்று பாராட்டவும் செய்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டு எழுத்துக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு எண்ணிப் பார்த்ததில் 26 வரிகளில் 11 வரிகளுக்கு இதயம் இருந்தது. கருவியின் திரையில் அழுத்த எண்களுக்குக் கீழே ஓர் இதயக் குறி மினுக்கும் நாள்களில் மட்டும் அவள் அதை அப்படியே நோட்டில் வரைந்திருக்கிறாள். பல தானியங்கிக் கருவிகளில் துடிப்பு ஒழுங்கு தவறுவதைக் கருவி உணரும்போது இப்படி ஒரு குறி தோன்றும். கை அசைந்தாலும் தோன்றலாம். ஆபத்தில்லாத உபரித் துடிப்புகளாலும் தோன்றலாம். நோயை அது உறுதி செய்யாது. ஆனால் 26இல் 11 என்றால் ஈசிஜி எடுக்க அதுவே போதும். பிள்ளை பார்த்ததைப் பார்த்தபடி பதிவு செய்திருந்தாள். என் கண் எண்களில்தான் இருந்தது.

சராசரி அழுத்தம் 150/88. கொதிப்பு மாத்திரையான அம்லோடிபின் அளவை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தினேன். என் கணக்கில் அன்றைய வேலை முடிந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைத்தது தவறில்லை. 32 நாடுகளில் நடந்து 2016இல் முழு முடிவு வெளியான ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பக்கவாதச் சுமையில் சுமார் 90 விழுக்காட்டைப் பத்துக் காரணிகளோடு இணைத்தது. அவற்றில் முதலிடம் இரத்தக் கொதிப்புக்கு, கிட்டத்தட்டப் பாதி. இருதயக் கோளாறுகளும் அந்தப் பத்தில் ஒன்று. பெரிய காரணியைப் பிடித்துவிட்ட நிம்மதியில் இன்னொன்றைத் தேடாமல் விட்டேன்.

தைப்பூசத்துக்கு முன்: பத்து நிமிடம்

இந்தப் பகுதி எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பினாங்கில் பூ கட்டுகிறவர்களுக்குத் தைப்பூச வாரம் தூக்கம் இல்லாத வாரம். வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை, அந்த அம்மாளின் வலது கை நூலை விட்டுவிட்டது. விரல்கள் இருந்தன, சொன்னதைக் கேட்கவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேறு சொல் வந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் கட்டியிருந்த ஒரு சாண் மாலை முடிச்சு நெகிழ்ந்து தொங்கியது. அவர் அதைப் பிரித்து மறுபடி கட்டி விற்றுவிட்டார். காற்று பட்டிருக்கும் என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் கடைக்குப் போகவிடமாட்டார்.

அது தற்காலிகப் பக்கவாதம். மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் தானே விலகியது. சரியாகிவிட்டதே என்று விடுவதற்கு ஏற்ற மாதிரியே அது வரும், அதுதான் தொல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007இல் வெளியான ‘எக்ஸ்பிரஸ்’ ஆய்வில், இப்படித் தற்காலிகமாகவோ சிறிய அளவிலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு உடனடியாகச் சோதனையும் சிகிச்சையும் தொடங்கியபோது, 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 விழுக்காடாகக் குறைந்தார்கள். அந்தக் காலையில் ரதத்துக்கான மாலை கட்டி முடிப்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பதினோராம் நாள் காலை

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு பதினோராம் நாள், காலை 8.05க்கு மகன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்கு வாய் கோணிவிட்டது, வலது கை விழுந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னதாகவும், தாமே காரில் போய் அழைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். பாயான் லெப்பாஸிலிருந்து அந்த நேரத்து நெரிசலில் நகரத்துக்குள் வரவே முக்கால் மணி நேரம் ஆகும். என் கிளினிக்கில் சிடி ஸ்கேன் கிடையாது. நான் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. 999ஐ அழைத்துப் பக்கவாதம் என்று சொல்லுங்கள், ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகட்டும் என்றேன். தேநீர்க் கடைக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமும் பேசினேன்.

அவர் ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணே, ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். அவர் கடைசியாக ஒழுங்காகப் பேசியதை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியில்தான் சிகிச்சை தொங்கிக்கொண்டிருந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரம்வரை நீட்டியது. கணக்கு தொடங்குவது நோயாளி கீழே விழுந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான்.

கடைக்காரர் முதலில் எட்டு மணி என்றார். அது அவர் திரும்பிப் பார்த்த நேரம். மறுபடி கேட்டபோது, “ஒரு பெண் வந்து மாலை வாங்கினார். ‘நல்லபடியாகப் போய் வா அம்மா’ என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது. குரலில் ஒன்றும் இல்லை” என்றார். அந்தப் பெண் கியூஆர் மூலம் பணம் செலுத்தியிருந்தார். கடையின் கணக்கு மகனுடைய கைப்பேசியில்தான் இருக்கிறது. பணம் வந்த அறிவிப்பில் மணி 7.36.

மேசையில் பாதிக் கட்டிய மாலை கிடந்தது. இரண்டு முழம் இறுக்கமாக, பூக்கள் ஒன்றையொன்று அணைத்தபடி. அதற்கு அடுத்து நான்கு விரற்கடை அளவுக்கு முடிச்சுத் தளர்ந்து, மல்லிகை தலை கவிழ்ந்திருந்தது. அதற்கப்பால் வெறும் நூல். ஒரு முழம் கட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்து மகன் பிறகு கணக்குப் போட்டார்: 7.50ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். மருத்துவமனை அதை எடுத்துக்கொள்ளவில்லை. 7.36ஐத்தான் எழுதினார்கள். அதுதான் சரி, ஊகத்தில் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்வதைவிட உறுதியாகத் தெரிந்த நேரத்திலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

மருத்துவமனையில் எடுத்த முடிவுகள்

8.50க்கு அவசரப் பிரிவு. சர்க்கரை அளவு குறையவில்லை என்பதை முதலில் உறுதி செய்தார்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். 9.10க்கு சிடி ஸ்கேன். இரத்தக் கசிவு இல்லை. மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் ஒரு கிளை அடைபட்டிருந்தது. பெரிய நாளம் அல்ல என்பதால், குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை தேவைப்படவில்லை.

அழுத்தம் 194/102. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதற்கு முன் அது 185/110க்குக் கீழே வர வேண்டும். நரம்பு வழியாக மருந்து கொடுத்து இறக்க ஏறக்குறைய கால் மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் மகனிடம் சம்மதம் கேட்டார்கள். மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அழைத்தார். 1995ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கை அவருக்குப் புரியும்படி சொன்னேன்: மருந்து பெற்ற நூறு பேரில் ஆறு பேருக்கு மேல் அறிகுறியோடு கூடிய கசிவு வந்தது, பெறாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, அந்த ஆபத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகும் மூன்று மாதம் கழித்துக் குறையேதும் இல்லாமல் அல்லது மிகச் சிறிய குறையோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களிடையேதான் அதிகம். “உங்கள் அம்மாவாக இருந்தால் போடச் சொல்வீர்களா டாக்டர்?” என்றார். போடச் சொல்வேன் என்றேன்.

9.50க்கு மருந்து ஏறத் தொடங்கியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில். 7.36இலிருந்து 2 மணி 14 நிமிடம்.

ஈசிஜி எடுத்தபோதுதான் பெயர் கிடைத்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இருதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டிபட்டு, ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிடும். இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1991இலேயே எழுதியது. கோழிக்குஞ்சு என்று அந்த அம்மாள் சொன்னது இதைத்தான்.

எந்த மாத்திரை

முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்போம்? மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கணக்கிட ஒரு புள்ளி முறை இருக்கிறது. கொதிப்புக்கு 1, நீரிழிவுக்கு 1, 65 வயதைக் கடந்ததற்கு 1, பெண் என்பதற்கு 1: மொத்தம் 4. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தொடங்க அது தாராளமாகப் போதும். அவற்றில் பழையதான வார்ஃபரின் இந்த வகைப் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் குறைப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 2011இல் ‘அவெரோஸ்’ ஆய்வில் அபிக்ஸபான் என்ற புதிய உறைவுத் தடுப்பு மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். அபிக்ஸபான் எடுத்தவர்களிடையே பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய இரத்தக் கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அவர் தாமாகவே எடுத்துவந்த ஆஸ்பிரின், இருதயத்துக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பை அவருக்கும் எனக்கும் கொடுத்ததைத் தவிர அதிகம் செய்யவில்லை. இருதய நோய் இல்லாத நீரிழிவுக்காரர்கள் 15,480 பேரிடம் நடந்த ‘அசென்ட்’ ஆய்வு 2018இல் வெளியானது: ஆஸ்பிரினால் இரத்தநாளப் பாதிப்புகள் 12 விழுக்காடு குறைந்தன, பெரிய இரத்தக் கசிவுகள் 29 விழுக்காடு கூடின. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கவாதம் வந்த ஆறாம் நாள், இன்னொரு ஸ்கேனில் கசிவு இல்லை என்று பார்த்தபின், வார்ஃபரின் தொடங்கினார்கள். எக்கோ சோதனையில் வால்வு சுருக்கம் இல்லை. நம் வட்டாரத்தில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகள் சரிவரவில்லை. 2022இல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வில் அவர்களுக்குப் புதியவற்றில் ஒன்றான ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகையே நல்ல பலன் தந்தது.

வார்ஃபரின் இவரிடம் ஒத்துவரவில்லை. இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இவருக்கு ஒரு முறை 1.4, அடுத்த முறை 4.1. விசாரித்ததில், கை சீக்கிரம் வரட்டும் என்று உறவினர் ஒருவர் தினமும் முருங்கைக் கீரை சமைத்து அனுப்பியிருக்கிறார். அந்த உறவினர் ஊருக்குப் போன வாரம் கீரை நின்றிருக்கிறது. கீரையில் உள்ள கே வைட்டமின் வார்ஃபரினின் வேலையை எதிர்க்கும். தினமும் ஒரே அளவு சாப்பிட்டால் மாத்திரையைச் சரிசெய்துகொள்ளலாம். ஏறி இறங்கினால் முடியாது. இரண்டு மாதம் போராடிய பிறகு, சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டு அபிக்ஸபானுக்கு மாற்றினார்கள். செலவைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது.

என்ன ஆனது

முதல் நாள் மாலையே கை அசைந்தது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. பொருளின் பெயர்தான் கடைசியாக வந்தது. மல்லிகை என்பதற்கு “வெள்ளை, வெள்ளை” என்று பல நாள் சொன்னார். மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பிரிவுக்கு வாரம் இருமுறை போனார். 1996இல் தொடங்கிய மலேசிய தேசிய பக்கவாதச் சங்கத்துக்குப் பினாங்கிலும் மையம் இருக்கிறது என்று சொன்னேன். கூட்டிப்போக ஆள் இல்லாததால் இரண்டு முறையோடு நின்றுவிட்டது. வீட்டில் மருமகள் நூலும் துணித் துண்டும் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லாத அந்தப் பயிற்சியை அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை.

மூன்றாம் மாதம் தன் வேலைகளைத் தானே செய்துகொண்டார். ஆறாம் மாதம் கடைக்குத் திரும்பினார், காலை இரண்டு மணி நேரம் மட்டும். நெருக்கக் கட்டும் மாலை இனி வராது; ஆள்காட்டி விரல் நூலைச் சுண்டுவதில் இன்னும் பின்தங்குகிறது. சாமிக்குச் சார்த்தும் சாதாரணச் சரம் கட்டுகிறார். விலையையும் குறைத்துவிட்டார், யாரும் கேட்காமலே.

கிளினிக்கில் மாற்றியவை

65 வயதைக் கடந்த யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், அழுத்தக் கருவி கட்டுவதற்கு முன் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அரை நிமிடம் நாடி பார்க்கிறோம். சீராக இல்லையென்றால் அங்கேயே ஈசிஜி. இங்கிலாந்தில் 2007இல் வெளியான ‘சேஃப்’ ஆய்வில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். எல்லோரையும் வரவழைத்து ஈசிஜி எடுத்துக் கண்டுபிடித்த அளவுக்கே, வருகிறவர்களின் நாடியைத் தொட்டுப் பார்த்தும் புதிய மேலறை நடுக்கங்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. நம் தாத்தா காலத்து வைத்தியர்கள் முதலில் பிடித்தது நாடியைத்தான். தானியங்கிக் கருவி வந்த பிறகு நான் அதை விட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை.

துடிப்பு சீரற்றவர்களிடம் தானியங்கிக் கருவியின் அழுத்த எண்ணும் ஆட்டம் காணும். ஆகவே மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கிறோம். நோட்டு எழுதச் சொல்லும்போது கருவியின் திரையில் வரும் ஒவ்வொரு குறியும் என்ன என்பதைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டாருக்குச் சொல்கிறோம். கை, வாய், பேச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒரு நிமிடம் தவறித் திரும்பியிருக்கிறதா என்று கேட்கிறோம். படபடப்பு என்று யாராவது சொன்னால் தே கணக்கை நான் கடைசியாகத்தான் கேட்கிறேன்.

பேத்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதாள். தான் அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். கேட்க வேண்டியவன் நான் என்று அவளுக்குப் புரிய வைக்க இரண்டு சந்திப்புகள் ஆயின.

ஒன்பதாம் மாதம்

அந்த அம்மாள் கன்னம் வீங்கி வந்தார். கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். அழுத்தம் 134/78. நோட்டில் இப்போது நான்காவது பத்தியாக நாடி இருக்கிறது. பார்த்துக்கொண்டே வந்தபோது, கடைசி இரண்டு நாள் தேதிகளைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

அது என்ன வட்டம் என்று கேட்டேன்.

“பாட்டி அந்த இரண்டு நாளும் மாத்திரை போடவில்லை டாக்டர். பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னார்களாம்” என்றாள் உடன் வந்திருந்த பேத்தி. ஒரே ஒரு பல்லுக்காகத் தாமாக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை, பல் மருத்துவரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அன்றைய காலை மாத்திரையை என் மேசையிலிருந்த தண்ணீரில் அங்கேயே விழுங்கினார்.